முதலில் அரிசிப் பானை, அப்புறம் மாத்திரை: பர்மாவில் நம் வீடுகளுக்கான பி வைட்டமின் வழிகாட்டி

மோல்மேனில் எங்கள் அண்ணனின் மருந்துக் கடையில் பதினோரு வருடமாக உட்காருகிறேன். வாரத்தில் இருபது முப்பது பேராவது வந்து கேட்கும் ஒரே விஷயம் இதுதான்: "அக்கா, கை கால் ஓய்ஞ்சு போகுது, பி காம்ப்ளெக்ஸ் ஊசி எங்கே போடுவாங்க?" ஊசி வேண்டாம் என்றால் மாத்திரைப் பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் கொடுப்பேன். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் "வீட்டில் என்ன அரிசி வடிக்கிறீர்கள்?" என்று கேட்கிறேன், கேட்டவர்களுக்கு எரிச்சலாக இருந்தாலும் விடுவதில்லை. ஏனென்றால் நம் நாட்டில் பி வைட்டமின் குறைவு பெரும்பாலும் அரிசிப் பானையில்தான் தொடங்குகிறது, அதைச் சரி செய்ய மருந்துக் கடைக்கு வரவே தேவையில்லை. கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பி வைட்டமின் என்பது ஒன்று அல்ல, எட்டு. பி1 தயமின், பி2 ரிபோஃப்ளேவின், பி3 நயசின், பி5 பான்டோதெனிக் அமிலம், பி6 பைரிடாக்சின், பி7 பயோட்டின், பி9 ஃபோலேட், பி12 கோபாலமின். நடுவில் 4, 8, 10, 11 காணோமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அந்த எண்களையும் சில பொருள்களுக்குக் கொடுத்திருந்தார்கள், அப்புறம் அவை வைட்டமின் இல்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். நாம் சாப்பிடும் சோற்றையும் எண்ணெயையும் உடம்பு எரித்துச் சக்தியாக மாற்றுகிறதே, அந்த வேலைக்கு இவற்றில் பல துணை நிற்கின்றன. ரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் சில வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: வைட்டமினே சக்தி கிடையாது. உடம்பில் குறை இல்லாதவருக்கு எத்தனை ஊசி போட்டாலும் புதிதாகத் தெம்பு வராது, சிறுநீர் மஞ்சளாகப் போகும், அவ்வளவுதான். அந்த மஞ்சள் பி2-வின் நிறம்.

இவை எல்லாம் தண்ணீரில் கரைபவை. கழுவினால் போகும், வடித்தால் போகும், ரொம்ப நேரம் கொதித்தால் சில அழியும். பி12 மட்டும் ஈரலில் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். பி1-க்கு அந்த வசதி இல்லை, உடம்பில் இருக்கும் இருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் இங்கே முதலில் பி1-ஐப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

அரிசியில் என்ன நடக்கிறது

நெல்லின் உமிக்கு உள்ளே இருக்கும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் பி1 இருக்கிறது. மில்லில் தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கும், பி1 தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போகும். தீட்டாத அரிசி 100 கிராமில் சுமார் 0.4 மில்லிகிராம் பி1 இருக்கும். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் 0.07-தான். புழுங்கல் அரிசியில் சுமார் 0.2. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.1 முதல் 1.2 மில்லிகிராம், பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவளுக்கும் 1.4. மூன்று வேளையும் சோறு என்று 300 கிராம் வெள்ளை அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 0.2, அதுவும் கழுவுவதற்கு முன்னால். அதே அளவு புழுங்கல் என்றால் 0.6, பாதித் தேவை பானையிலேயே முடிந்தது. மீதியைத்தான் குழம்பும் பருப்பும் கொண்டுவர வேண்டும்.

புழுங்கலில் ஏன் கூடுதலாக இருக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற வைட்டமின் தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கி அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் யாரும் வைட்டமின் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் முற்றத்தில் நெல்லை அவித்துக் காயவைத்தார்கள். அதன் பலன் எவ்வளவு பெரியது என்று பக்கத்து மலாயாவில் வெளியே தெரிந்தது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தபோது, அதே ஊர்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் உள்ளே இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பக்கம் பச்சரிசி, மறுபக்கம் புழுங்கல் என்று கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பக்கம்தான் வந்தது.

அதற்கும் முன்னால் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று, புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்துவிட, தீட்டாத மலிவான அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனக்கு மனது கேட்காத விஷயம் என்னவென்றால், அந்தப் புழுங்கல் அரிசியை இன்று நம் பிள்ளைகளே ஒதுக்குகிறார்கள். "வாடை அடிக்கிறது, போசான் வாங்குங்கள்" என்கிறார்கள். போசான் நல்ல அரிசிதான், மணம், மென்மை எல்லாம் உண்டு, 2011-ல் உலகத்தின் சிறந்த அரிசி என்று பரிசு கூட வாங்கியது. விருந்துக்கு வையுங்கள். தினசரிப் பானைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

பானையை மாற்றும் முறை

கடையில் "பாங்சான்" என்று கேளுங்கள், பர்மியர்கள் புழுங்கலுக்குச் சொல்லும் பெயர் அதுதான். எல்லா அரிசிக் கடையிலும் இருக்காது, நம் ஆட்கள் வாங்கும் கடையில் அநேகமாக இருக்கும். தீட்டாத அரிசிக்கு "ஸன்லோன்ஞோ" என்று கேட்க வேண்டும். ஒரேயடியாக அதற்கு மாறினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், நான் மாற்றிப் பார்த்து மூன்றாம் நாள் சோறு அப்படியே மிஞ்சியது. முதல் மாதம் மூன்று பங்கு வழக்கமான அரிசிக்கு ஒரு பங்கு தீட்டாத அரிசி போடுங்கள். தீட்டாததை மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்து உலையில் போடுங்கள். பழகிய பிறகு சரி பாதியாக்கலாம். தீட்டாத அரிசியை மூட்டையாக வாங்காதீர்கள், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

காலையில் தெருவில் விற்கிறார்களே ஊதா நிறத்தில் ஙச்சேக், எள்ளும் தேங்காயும் தூவி, அதுவும் தவிடு போகாத அரிசிதான். நம் கவுனி அரிசியின் சொந்தக்காரன். செட்டியார் வீடுகளுக்குக் கவுனி இந்த நாட்டிலிருந்துதான் போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலைப் பலகாரமாக அதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளும் ஆசையாகச் சாப்பிடுவார்கள்.

அப்புறம் கழுவுவது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிகிற வரைக்கும் ஐந்து ஆறு முறை தேய்த்துக் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. கல் மண் நீங்க அரிசியைப் புடைத்துப் பொறுக்கிவிட்டு, தேய்க்காமல் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை அலசினால் போதும். முடிந்தால் வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். மின் குக்கரில் வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள், இல்லையென்றால் குழம்பிலோ ரசத்திலோ ஊற்றுங்கள். சேலைக்குக் கஞ்சி போட வேண்டுமா, அதற்குத் தனியாக மைதா காய்ச்சிக்கொள்ளுங்கள். பழைய சோற்றையும் நீராகாரத்தோடு சேர்த்தே சாப்பிடுங்கள், தண்ணீரில் இறங்கியது வீணாகாது. ஆனால் பழைய சோற்றில் பி12 பொங்கி வழிகிறது என்று கைபேசியில் சுற்றும் செய்தியை நம்பி மீனையும் முட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

சில ஊர்களில் செறிவூட்டிய அரிசி என்று பி1, ஃபோலிக் அமிலம், பி12, இரும்பு எல்லாம் சேர்த்த மணிகள் கலந்து விற்கிறார்கள். கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அதில் தனியாகத் தெரியும் மணிகளைக் கல் என்றோ கெட்ட அரிசி என்றோ நினைத்துப் பொறுக்கி எறிந்துவிடாதீர்கள்.

மீதிப் பாதியைத் தட்டில் சேர்ப்பது

பயறு, பருப்பு விளையும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு பி1 குறைந்து போவது பெரிய கொடுமை. இந்தியாவில் இட்லிக்கு அரைக்கிற உளுந்தில் எவ்வளவோ இங்கே விளைந்து கப்பலேறியதுதான், "மட்பே" என்று இங்கே சொல்கிறோமே அதுதான். பாசிப்பயறு, துவரை, கொண்டைக்கடலை, உளுந்து எதுவானாலும் தினமும் ஒரு ஆளுக்குக் காய்ந்த கணக்கில் 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி, சேர வேண்டும். பாசிப்பயறு 100 கிராமில் 0.6 மில்லிகிராம் பி1 இருக்கிறது, 50 கிராமில் 0.3 வந்துவிடும், அதோடு ஃபோலேட்டும் தாராளமாகக் கிடைக்கும். காலையில் பேப்யோ (அவித்த பயறு) விற்கும் அம்மா வரும்போது நான்-ரொட்டியோடு வாங்கினால் சமைக்கிற வேலையும் இல்லை. வீட்டில் வேகவைத்தால் சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள், சோடா பி1-ஐ அழித்துவிடும். இரவே ஊறப்போட்டால் சோடா தேவைப்படாது.

வேகவைத்த நிலக்கடலை, எள்ளுருண்டை இரண்டும் நல்லது. எண்ணெயில் பொரித்த கடலையில் பி1 குறைந்துபோகும். பன்றிக்கறி சாப்பிடும் வீடுகளுக்கு இன்னும் சுலபம், 100 கிராம் கறியிலேயே 0.8 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். சாப்பிடாத வீடுகள் பருப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இட்லி தோசை மாவு புளிப்பதிலும் பி2-வும் ஃபோலேட்டும் கொஞ்சம் கூடும். அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று போடுபவர்கள் உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

சாப்பிட்டதைத் திருடும் பழக்கங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, இங்கே இதுதான் பெரிய விஷயம். தேநீரிலும் பாக்கிலும் இருக்கிற துவர்ப்பு, பி1-ஐப் பிடித்து உடம்புக்கு உதவாமல் ஆக்கிவிடும். நாம் என்ன செய்கிறோம்? சாப்பிடும்போதே பக்கத்தில் யேநுவேஜாங் (வெறும் தேநீர்) குவளை, சாப்பிட்டு முடித்ததும் லபெட்யே (பால் தேநீர்), அது முடிந்ததும் வாயில் குன்யா (வெற்றிலை பாக்கு), நடுவில் கொறிக்க லபெட்தோ. லபெட்தோ என்பது தேயிலையையே தின்பதுதான். விட்டுவிடுங்கள் என்று சொன்னால் இந்த நாட்டில் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கும் டீக்கடை இல்லாமல் பொழுது போகாது. அதனால் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் தேநீர் வேண்டாம், சாப்பாட்டோடு வெந்நீர் குடியுங்கள். லபெட்தோவைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் நாலு மணிக்கு வைத்துக்கொண்டு எலுமிச்சை பிழியுங்கள், எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி அந்தத் துவர்ப்பின் வேகத்தைக் குறைக்கும். குன்யாவை மட்டும் நேரம் மாற்றச் சொல்ல மாட்டேன், நிறுத்தச் சொல்வேன். பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது, பி1 அதற்கு அப்புறம்தான்.

பச்சை நன்னீர் மீனிலும் வேகாமல் புளிக்கவைத்த மீனிலும் பி1-ஐ உடைக்கும் நொதி இருக்கிறது. ஙாசின் (புளிக்கவைத்த மீன்) பிடிக்கும் என்றால் நன்றாக வேகவைத்தோ வதக்கியோ சாப்பிடுங்கள், சூட்டில் அந்த நொதி அழிந்துவிடும். ஙாப்பியே என்ற மீன் விழுதுச் சாறு கொதிக்கவைத்துச் செய்வதால் பயம் இல்லை.

சாராயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவருக்கு பி1 குடலில் சரியாக ஏறாது, சாப்பாடும் குறையும். அப்படிப்பட்டவர் திடீரென்று தடுமாறி நடந்தாலோ, கண் இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ, பேச்சுக் குழம்பினாலோ "போதை" என்று படுக்கவைத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் "தினமும் குடிப்பார், சாப்பாடு சரியில்லை" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், முதலில் பி1 ஊசி போட வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

பிள்ளை பெற்றவளின் தட்டு

இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

என் சின்னம்மா மகள் தட்டோன் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது, தாய்ப்பால் மட்டும்தான். இரண்டாம் மாதம் முடியும்போது பால் குடிக்க மறுத்தது, குடித்ததை வாந்தியெடுத்தது, இரவெல்லாம் அழுதது. அப்புறம் ஒரு நாள் வாய் திறந்து அழுகிறது, கண்ணீர் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் வண்டி பிடித்து வேறொரு வயதான பர்மிய டாக்டரிடம் ஓடினார்கள். அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் தாயைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை பெற்றதிலிருந்து நீ என்ன சாப்பிடுகிறாய்?" வெள்ளைச் சோறு, உப்பு, கொஞ்சம் வறுத்த மீன், வெந்நீர். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் மீட்வின் காலத்துக்கு (பிரசவத்துக்குப் பின் ஓய்ந்திருக்கும் நாள்கள்) இருக்கும் பத்தியத்தை அப்படியே இவளும் இருந்திருக்கிறாள், அவள் மாமியார் சேர்த்த விலக்குகள் வேறு. டாக்டர் பி1 ஊசி போட்டார். மாலையில் குழந்தைக்குக் குரல் வந்தது. இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

குழந்தைகளுக்கு வரும் பெரிபெரி இதுதான். தாயின் உடம்பில் பி1 குறைந்தால் பாலிலும் குறையும், தாய் பார்க்க நன்றாகவே இருப்பாள், குழந்தையும் ஒல்லியாக இருக்காது, இரண்டு மூன்று மாதத்தில் திடீரென்று இதயம் தளர்ந்துவிடும். தாய்லாந்து எல்லையில் இருந்த கரென் அகதி முகாம்களில் 1980-களின் கடைசியில் கைக்குழந்தைகள் இறந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு ஊசியில் காப்பாற்றக்கூடிய நோய் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எனவே, பத்தியம் என்றால் நம் பழைய பத்தியத்தை வையுங்கள், அதில் அறிவு இருக்கிறது. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, எள்ளும் கருப்பட்டியும், புழுங்கல் சோறு, இவை எதையும் விலக்க வேண்டாம். பருப்பு வாயு என்று ஒதுக்குகிறார்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துப் பூண்டு சீரகம் தட்டிப் போட்டுக் கொடுங்கள், குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. தினமும் ஒரு முட்டை, மீன். பிரசவம் ஆன நாளிலிருந்தே கொடுக்கலாம், மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. தேநீர், குன்யா இரண்டும் பால் கொடுக்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம். மாசமாக இருக்கும் கடைசி மாதத்திலிருந்து பி1 மாத்திரை வேண்டுமா என்று மருத்துவச்சியிடமோ கிளினிக்கிலோ கேட்டு, அவர்கள் கொடுத்தால் விடாமல் சாப்பிடுங்கள், விலையும் மிகக் குறைவு.

கைக்குழந்தை சத்தமில்லாமல் அழுதாலோ, குரல் கம்மினாலோ, பால் மறுத்து மூச்சு வாங்கினாலோ ஒரு இரவு கூடக் காத்திருக்காதீர்கள். வீட்டில் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தாய் என்ன சாப்பிட்டாள் என்பதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு இது இரண்டு விதமாக வரும். பாதம் மரத்துப் போவது, எரிச்சல், கெண்டைக்காலைப் பிடித்தால் வலி, குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாமை ஒரு விதம். கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்குவது இன்னொரு விதம், இரண்டாவது வந்தால் அது அவசரம்.

பி12: பாதம் மரத்தால் இதையும் நினையுங்கள்

செடி கொடிகளில் பி12 இல்லை. கீரையிலும் பருப்பிலும் தேடிப் பயனில்லை. மீன், இறால், மட்டி, ஈரல், கறி, முட்டை, பால், தயிர், இவைதான் வழி. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், ரொம்பச் சின்ன அளவு. ஒரு கிண்ணம் மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கெளிறு மீனும் மேலே அரிந்து போடும் அவித்த முட்டையும் சேர்ந்தால் அன்றைய தேவைக்கு நல்ல பங்கு வந்துவிடும், கடலைமாவு போடுவதால் ஃபோலேட்டும் உண்டு. இந்த நாட்டின் காலைச் சாப்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஙாப்பி (மீன் விழுது) ஒரு தேக்கரண்டியை நம்பி இருக்காதீர்கள், அளவு போதாது.

சைவமாக இருப்பவர்கள், வேண்டுதலுக்காக வருடக்கணக்கில் கவிச்சி விட்டவர்கள் பாலும் தயிரும் தினமும் எடுக்க வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம்தான் இருக்கும், லபெட்யேயில் ஊற்றும் கெட்டிப்பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலும் முட்டையும் கூட இல்லை என்றால் பி12 மாத்திரை கட்டாயம், இதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஈரலில் இருப்பு இருப்பதால் முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பாதம் மரத்து, நாக்கு வழவழவென்று சிவந்து, ஞாபகம் தப்பி நிற்கும். நரம்பில் விழுந்த அடி ரொம்ப நாள் ஆனால் முழுவதும் திரும்பாது.

புரட்டாசி மாதம் மட்டும் விரதம் இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்த மருந்து பி12 ஏறுவதைக் குறைக்கும். கால் மரத்தால் "சர்க்கரைதான்" என்று விட்டுவிடாமல் பி12 ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும், அறுபது தாண்டியவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

ஃபோலேட்: கருத்தரிப்பதற்கு முன்னால்

கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அநேகம் பெண்களுக்கு நாள் தள்ளிப் போனதே அப்போதுதான் தெரியும். அதனால் குழந்தைக்கு ஆசைப்படும் பெண் கல்யாணத்தோடு தொடங்கி, கருத்தரித்து 12 வாரம் வரைக்கும் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால் இதைவிட அதிக அளவு தேவைப்படும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

இந்த வைட்டமின் நம் பக்கத்திலிருந்தே வெளிச்சத்துக்கு வந்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, மில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்தினார். 1941-ல் கீரையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தார்கள், 1945-ல் அதைச் செயற்கையாகச் செய்த அமெரிக்கக் குழுவை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

சாப்பாட்டில் பயறு, முருங்கைக்கீரை, புளிச்சக்கீரை (ஜின்பா), கசூன் (வள்ளைக்கீரை) எல்லாம் ஃபோலேட் தரும். ஜின்பாவும் கசூனும் இங்கே கூடை கூடையாக மலிவாகக் கிடைக்கின்றன. நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், கழுவிய பிறகு நறுக்குங்கள், குறைந்த தண்ணீரில் மூடிவைத்துச் சீக்கிரம் இறக்குங்கள். கோழி ஈரல் ஃபோலேட்டுக்கும் பி12-க்கும் நல்லது, ஆனால் மாசமாக இருக்கும்போது வேண்டாம், அதில் இருக்கும் வைட்டமின் ஏ அதிகமானால் கருவுக்கு ஆகாது.

மற்றவை

பி2 குறைந்தால் வாய் ஓரம் வெடிக்கும், ஆனால் வாய் ஓரம் வெடிப்பதெல்லாம் பி2 குறைவு அல்ல, இரும்புக் குறைவும் இருக்கலாம். பாலைக் கண்ணாடிப் பாட்டிலில் வெயிலில் வைக்காதீர்கள், பி2 வெளிச்சத்தில் அழியும். பி3, பி5 இரண்டும் மீனும் கடலையும் கறியும் ஓரளவு சாப்பிடுபவர்களுக்குத் தட்டுப்பாடு வருவது அரிது. பி6-ஐப் பற்றிக் காசநோய் மருந்து சாப்பிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசோனியாசிட் என்ற மருந்து பி6-ஐக் குறைத்துக் கை கால் மரக்கவைக்கும், அதற்காக டாக்டர் சேர்த்துத் தரும் சின்ன மாத்திரை அதுதான், தேவையில்லை என்று ஒதுக்காதீர்கள். பயோட்டின் முடிக்கு என்று வாங்குகிறார்கள், குறைவு இருப்பவர் மிக அரிது, பெரிய அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகள் தப்பாக வரும்.

ஊசிக்கும் மாத்திரைக்கும்

தண்ணீரில் கரைவதுதானே, மிஞ்சியது வெளியே போய்விடும் என்பது முழு உண்மை அல்ல. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் நரம்பையே கெடுக்கும், மரப்புக்கு என்று வாங்கிய மாத்திரையே மரப்பைக் கொண்டுவரும். பட்டையின் பின்னால் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 50, 100 என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடராதீர்கள், ஒரு நாளைக்குத் தேவை 1.3-தான். ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புக் கேடு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊசி தேவைப்படுபவர்கள் உண்டு, பி12 குடலில் ஏறாதவர்கள், கடும் பெரிபெரி வந்தவர்கள். அதை டாக்டர் சொல்லட்டும். ஒரே ஊசியைப் பலருக்குப் போடும் இடத்துக்குப் போகாதீர்கள், வைட்டமினுக்குப் போய் மஞ்சள் காமாலைக் கிருமியோடு வர வேண்டாம்.

களைப்பு என்று கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: வீட்டில் எந்த அரிசி, எத்தனை முறை கழுவுகிறீர்கள், வடிக்கிறீர்களா, தேநீரும் குன்யாவும் எப்போது, மீன் முட்டை வாரத்தில் எத்தனை நாள், என்னென்ன மருந்து எத்தனை வருடமாக, வீட்டில் பால் கொடுப்பவள் யாராவது இருக்கிறாளா. எங்கள் கடைக்கு வந்தால் என்னிடம் காட்டுங்கள், டாக்டரிடம் போனால் அவரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள், அப்புறம் நாடி பார்க்கட்டும்.